வீட்டு நாயின் நகம் பேணல்



வீட்டில் நாய் வளர்ப்போர் பலர் அதற்கு வேளை தவறாது உணவிடுவர், நீராட்டுவர், ஆண்டுதோறும் தடுப்பூசியும் ஏற்றுவிப்பர். ஆனால் அதன் காலைக் கையில் ஏந்தி நகத்தைப் பார்ப்பவர் மிகச் சிலரே. நெடுங்காலம் நானும் அவ்வாறு பாராதிருந்தவர்களுள் ஒருவன். என் பிழையினால் நான் கற்ற பாடத்தையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

நாயின் நகம் தானாகவே தேய்ந்துவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். தேயும், ஆனால் அதற்கேற்ற தரை வேண்டும். ஹந்தானைச் சரிவிலும், வத்துகாமத்தை அடுத்த தோட்டங்களிலும், கல்லும் சரளையும் நிறைந்த பாதைகளில் நாள் முழுதும் ஓடித் திரியும் நாய்க்கு அப்பாதையே அரமாகிவிடுகிறது. கண்டி நகரத்து வீட்டு நாயின் நிலை வேறு. அது வழுவழுப்பான சீமெந்துத் தரையிலே பிறந்து, அத்தரையிலேயே படுத்து, அதிலேயே முதுமை எய்துகிறது. ஐப்பசி, கார்த்திகை மழை தொடங்கிவிட்டாலோ வாரக்கணக்கில் வாசற்படி தாண்டுவதில்லை. நகம் மட்டும் ஓய்வின்றி வளர்ந்துகொண்டே இருக்கிறது.

அத்தகைய மழைக்காலமொன்றிலேதான், எங்கள் வீட்டுக் கறுப்பு நாட்டு நாய் நடக்கும்போது தரையில் 'டக், டக்' என்ற ஓசை எழுவதைக் கேட்டேன். நின்ற நிலையில் அதன் நகம் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. காலை வேளை; அலுவலுக்குப் புறப்படும் அவசரம். கையில் அகப்பட்ட கத்தரிக்கோலை எடுத்தேன். ஒரு நகத்தை ஒரே வெட்டாக வெட்டினேன். அது வீரிட்ட குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. படியெல்லாம் இரத்தம். அது என்னைக் கடிக்கவில்லை. நடுங்கிக்கொண்டே வாலை ஆட்டிற்று. எறிந்த வேல் உடலில் இருக்கும்போதும் வால் குழைக்கும் நாயைப் பற்றி நாலடியார் கூறுவதை வகுப்பறையில் எத்தனையோ முறை விளக்கியவன் நான். அன்றுதான் அதன் பொருள் எனக்கு விளங்கிற்று. ஆயினும் அதன் பின்னர் நான் குனிந்தாலே அது காலை உள்ளிழுத்துக்கொண்டது. புண் ஒரு வாரத்தில் ஆறிற்று. இந்த அச்சம் தீர மூன்று திங்கள் சென்றன.

நான் அறியாதிருந்தது இதுதான். நம் நகத்தின் நுனியைப் போன்றதன்று நாயின் நகம். அதன் வெளிப்புறம் உணர்ச்சியற்ற கடினமான கூடு. உள்ளேயோ இரத்தக் குழாயும் நரம்பும் ஓடும் உயிர்த்தசை இருக்கிறது. வெட்டு அத்தசையைத் தொட்டால் இரத்தம் பெருகும்; வலியும் கடுமையாக இருக்கும். வெண்ணிற நகமாயின் அத்தசை இளஞ்சிவப்பாக வெளியே தெரியும். கறுப்பு நகத்தில் ஒன்றும் தெரியாது. ஆதலின் கறுப்பு நகத்தைச் சிறு சிறு சீவலாகவே வெட்டல் வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னும் வெட்டு முகத்தைப் பாருங்கள். முதலில் அது காய்ந்து வெளிறியிருக்கும். அதன் நடுவே கருமையான, ஈரப்பசை கொண்ட ஒரு புள்ளி தோன்றுமாயின், உயிர்த்தசை அண்மையில் உள்ளது என்பது பொருள். அங்கே நிறுத்திவிடுங்கள்.

பெரும்பாலான நாய்களுக்கு முன்கால் ஒவ்வொன்றிலும் 5, பின்கால் ஒவ்வொன்றிலும் 4, ஆக 18 நகங்கள் உண்டு. முன்காலின் உட்புறத்தில் சற்று மேலே நிற்கும் நகம் நடக்கும்போது நிலத்தைத் தொடுவதில்லை. அதனால் எவ்வளவு நடந்தாலும் அது தேயாது. கவனியாது விட்டால் பிறைபோல் வளைந்து சதைக்குள்ளேயே புகுந்துவிடும். மயிர் அடர்ந்த நாய்களில் இது கண்ணுக்கும் புலப்படாது. மற்றை நகங்கள் நீண்டாலும் தீங்குண்டு. நகம் தரையில் ஊன்றும்போது விரல் மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ தள்ளப்படுகிறது, மூட்டு நோகிறது. நம்மூர்ச் சரிவுகளில் இறங்கும் நாய்க்கு இத்துன்பம் இன்னும் மிகுதி. சாக்கிலோ பாயிலோ நகம் சிக்கிப் பிளந்துபோவதும் உண்டு.

இனி, கருவிகளைப் பார்ப்போம். நாய்களுக்கென்றே செய்த நகவெட்டிகள் இருவகைப்படும். ஒன்று குறடு போன்றது. இரண்டு அலகுகளும் நகத்தைப் பற்றி வெட்டும். மற்றையது வளையம் உடையது. வளையத்தினுள் நகத்தைச் செலுத்திப் பிடியை அழுத்தினால் அலகு நகர்ந்து வெட்டும். எவ்வகையாயினும் கூர்மை இன்றியமையாதது. மழுங்கிய அலகு நகத்தை வெட்டாது நசுக்கும், நசுக்குதலே வலி. மனிதருக்குரிய நகவெட்டியும் வீட்டுக் கத்தரிக்கோலும் இப்பணிக்குப் பொருந்தா.

மூன்றாவது கருவி கிரைண்டர். கிரைண்டர் என்றதும் நம் இல்லத்தரசியர் சம்பல் அரைக்கும் இயந்திரத்தை எண்ணக்கூடும். இது அதுவன்று, கைக்கு அடக்கமான, சுழன்று அராவும் சிறிய மின்சார அரம். வெட்டுவதற்குப் பதிலாக நகத்தைச் சிறிது சிறிதாகத் தேய்ப்பதால் கறுப்பு நகத்துக்கு இது ஏற்றது. முனையும் மழுங்கி உருண்டு வரும். எனினும் இதற்கும் குறைகள் உண்டு. ஓசையும் அதிர்வும் நாயை வெருட்டும். ஓரிடத்திலேயே அழுத்திப் பிடித்தால் நகம் சூடேறிச் சுடும். ஆதலின் ஓரிரு விநாடி தொட்டு, எடுத்து, மீண்டும் தொடல் வேண்டும். பாதத்து மயிர் நீண்டிருந்தால் அது சுழலும் முனையில் சிக்காதவாறு ஒதுக்கிப் பிடித்தல் வேண்டும். தேய்த்துக்கொண்டே போனால் இதுவும் உயிர்த்தசையைத் தொட்டுவிடும் என்பதை மறவாதீர்கள்.

தவறி இரத்தம் வந்துவிட்டால் பதற்றம் கொள்ளாதீர்கள். குருதியை நிறுத்தும் தூள் கையிலிருந்தால் அதை இடலாம். இல்லையேல் சமையலறைச் சோளமாவே போதும். மாவை நகத்தின் முனையில் வைத்துத் தூய துணியால் சில நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பத்து நிமிடத்துக்குப் பின்னும் இரத்தம் நில்லாவிடின் கால்நடை வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள்.

மற்றுமோர் எச்சரிக்கை. வலி வந்தால் சாதுவான நாயும் கடிக்கக்கூடும். தன் வீட்டு நாய்தானே என்று கடியையோ கீறலையோ அலட்சியம் செய்யலாகாது. காயத்தை உடனே சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். நீர்வெறுப்பு நோய், அறிகுறி தோன்றிய பின் ஏறத்தாழ எப்போதும் உயிரைக் குடித்துவிடும் நோய். அதற்கு முன் ஏற்றும் தடுப்பூசி காப்பளிக்கும்.

நேயர்களே, கருவியைப் பற்றி இவ்வளவு சொன்னேன். ஆயினும் கருவியை வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. மகாவலியில் யானையைக் கிடத்தி, தேங்காய் மட்டையால் தேய்த்துக் குளிப்பாட்டும் பாகனைப் பார்த்திருப்பீர்கள். அவன் ஒரு சொல் சொன்னதும் அப்பெருவிலங்கு காலைத் தூக்கிக் கொடுக்கிறது. அது ஒரு நாளில் வந்த இணக்கமன்று. நாள்தோறும் பழகியதன் பயன். நாய்க்கும் அவ்வாறே.

என் நாயிடம் நான் இழந்த நம்பிக்கையை இவ்வழியாலேயே மீட்டேன். முதல் இரு வாரம் அதன் காலைத் தொட்டேன், ஒரு துண்டு கருவாடு கொடுத்தேன், விட்டுவிட்டேன். அடுத்து, நகவெட்டியை அருகில் வைத்து அது முகர்ந்து பார்க்கவிட்டேன். பின்னர் வெட்டாமலே நகத்தை நகவெட்டியால் தொட்டேன். அது காலை இழுத்துக்கொண்டால் அன்றைய பாடம் முடிந்தது, வலிந்து பிடித்ததில்லை. கடைசியில் ஒரு நாளைக்கு ஒரு நகம் என வெட்டத் தொடங்கினேன். கிரைண்டர் பழக்குவோரும் இவ்வாறே செய்யலாம். முதலில் இயக்காமல் காட்டி, பின் தொலைவில் இயக்கி, அதன் பின்னரே அருகே கொண்டு வருதல் நன்று.

இன்னொரு நன்மையும் கண்டேன். நீண்ட நகத்தில் உயிர்த்தசையும் நீண்டிருக்கும். ஒரேயடியாக அதைக் குறைக்க இயலாது. வாரந்தோறும் நுனியை மட்டும் சிறிதளவு நீக்கிவந்தால் உயிர்த்தசை மெல்ல மெல்லப் பின்வாங்கும். அளவுக்கு வந்த பின் மூன்று நான்கு வாரத்துக்கொருமுறை பார்த்தாற் போதும்.

உங்கள் நாய் காலைத் தொடவே விடாதாயின், அல்லது நகம் சதைக்குள் புகுந்திருந்தால், நீங்களாக முயலாதீர்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடைப் போதனா வைத்தியசாலை நம் நகருக்கு அண்மையிலேயே உள்ளது. அரச கால்நடை வைத்திய அலுவலகங்களும் உள்ளன. அங்கே சென்று ஒருமுறை அவர்கள் செய்யும் முறையைக் கண்ணால் பார்த்து வாருங்கள்.

இன்று மாலை உங்கள் நாய் நடக்கும்போது சற்றே செவிகொடுத்துக் கேளுங்கள். தரையில் ஓசை எழுந்தால் வேலை வந்துவிட்டது என்று கொள்ளுங்கள். ஆனால் இன்றே வெட்ட வேண்டாம். இன்று அதன் காலை மட்டும் கையில் எடுத்துப் பாருங்கள்.