தம்மை நிறுத்த மோட்டிவேஷன் எங்க கிடைக்கும்?

இந்த எபிசோடை ஆய்க்குடியில, எங்க வீட்டு மாடியில உக்காந்து ரெக்கார்ட் பண்றேன். நடுவுல காத்துச் சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க, குற்றாலத்துல சீசன்.

இன்னைக்குப் பேசப்போறது நீங்க அடிக்கடி அனுப்புற ஒரு கேள்வி. "தம்மை விடணும்னு தெரியுது ப்ரோ, ஆனா மோட்டிவேஷன் வர மாட்டேங்குது."

பயம் காட்டினா மோட்டிவேஷன் வருமா? 2016ல இருந்து பாக்கெட்ல 85 சதவீத இடத்தை எச்சரிக்கைப் படம்தான் அடைச்சிருக்கு. முதல் நாள் திடுக்குன்னு இருந்திருக்கும். பத்தாவது நாள் அது வெறும் அட்டைப்பெட்டி. அதனால நான் புதுசா எதுவும் பயமுறுத்தப் போறதில்லை.

அடுத்து, எல்லா டீக்கடையிலயும் கேக்குற ஒரு டயலாக்: "எங்க தாத்தா எண்பது வயசு வரைக்கும் பீடி குடிச்சாரு, கல்லு மாதிரி இருந்தாரு." நம்ம ஐடி பசங்களுக்கு இது சொன்னாலே புரியும், இது சர்வைவர்ஷிப் பயஸ். எண்பது வரைக்கும் இருந்த தாத்தாவைப் பத்திப் பேச பேரன் இருக்கான். ஐம்பதுல போனவரோட கதையை யாரும் டீக்கடையில சொல்றதில்லை.

தாத்தா கதைக்குப் பதிலா ஒரு டேட்டா பார்ப்போம். இங்கிலாந்துல ரிச்சர்ட் டால்னு ஒரு ஆராய்ச்சியாளர். 1951ல ஆரம்பிச்சு, சுமார் 34,000 ஆண் டாக்டர்களை அவரோட குழு 50 வருஷம் தொடர்ந்து கவனிச்சது. 2004ல முடிவு வெளிவந்துச்சு. விடாம சிகரெட் பிடிச்சவங்க, பிடிக்காதவங்களை விட சராசரியா 10 வருஷம் முன்னாடியே இறந்திருக்காங்க. இப்போ நல்லாக் கேளுங்க. 60 வயசுல விட்டவங்களுக்கு அதுல 3 வருஷம் திரும்பக் கிடைச்சிருக்கு. 50ல விட்டா 6. 40ல விட்டா 9. 30ல விட்டவங்களுக்குக் கிட்டத்தட்ட அந்தப் பத்தும் திரும்பிடுச்சு.

இதைக் கேக்குற உங்கள்ல பாதிப் பேருக்கு இன்னும் முப்பது ஆகலை. இந்த ஆஃபர் நாற்பதுல இதே மாதிரி இருக்காது.

சரி, டேட்டா மட்டும் போதுமா? போதாது. சாயங்காலம் நாலு மணிக்கு, ரிலீஸ் டென்ஷன்ல, கூட இருக்கிறவன் "வாடா கீழ போலாம்"னு கூப்பிடும்போது ரிச்சர்ட் டால் ஞாபகத்துக்கு வரமாட்டாரு. அந்த நேரத்துக்கு ஒரு முகம் வேணும்.

எனக்குத் தெரிஞ்ச முகம் எங்க அம்மா. தென்காசிப் பக்கம் வந்து பாருங்க, வீட்டுத் திண்ணையில சொளகை மடியில வச்சுக்கிட்டு பீடி சுத்துற பெண்களைப் பார்க்கலாம். இலையை நனைச்சு, அளவா வெட்டி, தூள் வச்சு, சுருட்டி, நூல் கட்டணும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவுன்னு கூலி. என் இன்ஜினியரிங் ஃபீஸ்ல அந்தக் கூலியும் இருக்கு. அதனால பீடியைக் கேவலமாப் பேச எனக்கு வாய் வராது. ஆனா நாள் முழுக்க அந்தத் தூளைச் சுவாசிச்ச அம்மா, எங்கிட்டயும் எங்க அண்ணன்கிட்டயும் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "நான் சுத்துறதோட போகட்டும், நீங்க குடிக்காதீங்கப்பா." பத்து வருஷம் சிகரெட் பிடிச்ச அண்ணன் விட்டதுக்கு டாக்டரோ வீடியோவோ காரணம் இல்லை, இந்த ஒரு வரிதான். உங்களுக்கும் ஒரு வரி இருக்கும். அதைத் தேடி எழுதி, போன்ல வால்பேப்பரா வைங்க.

இப்போ வேலை எப்படி நடக்குதுன்னு பார்ப்போம். "தம் அடிச்சா டென்ஷன் குறையுது"ன்னு சொல்றோம்ல? ரத்தத்துல இருக்கிற நிகோட்டின் சுமார் 2 மணி நேரத்துல பாதியாக் குறைஞ்சிடும். உடனே எரிச்சல், பதட்டம். அடுத்த தம் அந்தப் பதட்டத்தைத்தான் தணிக்குது. அதாவது பிரச்சினையைக் கொடுத்ததே முந்தின சிகரெட்தான். விட்ட முதல் 2, 3 நாள்தான் ரொம்பக் கஷ்டம். அப்புறம் சில வாரத்துல படிப்படியாக் குறைஞ்சிடும். ஒவ்வொரு தடவை வர்ற ஆசையும் பெரும்பாலும் சில நிமிஷம்தான். அந்த நிமிஷத்தைத் தாண்டினாப் போதும். ஆயுசு முழுக்கப் போராடணும்னு நினைச்சா மலைப்பா இருக்கும்.

அதனால இடத்தை மாத்துங்க. டீக்குப் பின்னாடி தம்முன்னா, கொஞ்ச நாள் டீக்குப் பதில் லெமன் ஜூஸ். செங்கோட்டை பார்டர்ல பரோட்டா சாப்பிட்ட கையோட தம்முன்னா, கை கழுவினதும் பிடிக்காத ஃப்ரெண்ட் கூட நேரா வண்டிக்குப் போயிடுங்க. "சிகரெட்டுக்குப் பதிலா பீடி"ன்னு மாறுறவங்களுக்கு: பீடி இலைக்குள்ள காத்து அவ்வளவாப் போகாது, அணையாம இருக்க அடிக்கடி இழுக்கணும். அது குறைஞ்ச ஆபத்து இல்லை.

தனியா முடியலையா? 1800-11-2356. அரசாங்கத்தோட இலவச நம்பர், தமிழ்லயும் பேசலாம். 2018ல இருந்து இந்த நம்பர் பாக்கெட்லயே இருக்கு. நிகோட்டின் சூயிங்கம், மாத்திரை பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க, அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்லை.

மோட்டிவேஷன் வந்த பிறகு ஆரம்பிக்கலாம்னு உக்காந்திராதீங்க. தம் இல்லாம மூணு நாள் ஓடிருச்சுன்னா, நாலாவது நாள் அது தானா வரும். தேதி ஒண்ணு குறிச்சு, அதை மட்டும் எனக்கு அனுப்புங்க. அந்தத் தேதியில நானே உங்களுக்கு மெசேஜ் போடுறேன். அடுத்த எபிசோடுல சந்திப்போம்.