பனியும் காய்ச்சலும்



வெளி மாநிலங்களில் வாழும் தமிழர் அனைவருக்கும் ஓர் அனுபவம் பொதுவானது. கடைத்தெருவில் பேரம் பேசுவதற்கும் பஸ்ஸில் இடம் கேட்பதற்கும் வேண்டிய அயல்மொழி ஆறு மாதத்தில் நாவுக்கு வந்துவிடுகிறது. ஆனால் நோயுற்று மருத்துவர் முன் அமரும்போது அதே மொழி நம்மைக் கைவிட்டுவிடுகிறது. குத்தல் வேறு, குடைச்சல் வேறு. எரிச்சல் வேறு, காந்தல் வேறு. கால் மரத்துப்போவதையும் நெஞ்சு படபடப்பதையும் இந்தியிலோ மராத்தியிலோ எப்படிச் சொல்வது? முப்பது ஆண்டுகள் தில்லியில் வாழ்ந்தவர்கூட வலி வந்தால் 'அம்மா' என்றுதான் அரற்றுகிறார்.

இதே இடர்ப்பாடு, பிறந்த மண்ணை விட்டு அசையாத மக்களுக்கும் உண்டு. கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப்புறத்தில் வாழ்வோர் அவர்கள். அவர்களுடைய நோயையும், அதைத் தீர்க்க முயலும் நிலையங்களையும் பற்றி இன்று சிறிது கூற விரும்புகிறோம்.

முதலில் எம் குடும்பத்தில் நடந்ததொன்றைச் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி மாதத்தில், போடிநாயக்கனூரிலிருந்து எம் பெரியம்மா, மூணாற்றுப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வேலை பார்த்த தம் மகன் வீட்டிற்குச் சென்றிருந்தார். விடுமுறைக்கு நாமும் போயிருந்தோம். பெரியம்மாவுக்கு மூச்சு வாங்கிற்று. படுத்தால் இருமல், எழுந்து உட்கார்ந்தால் சற்று ஆறுதல். அருகிலிருந்த ஒரு வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றோம். கூட்டம் மிகுதி. சீட்டு எழுதும் பெண்மணி, "பனி உண்டோ அம்மே?" என்று மலையாளத்தில் கேட்டார். பெரியம்மா, "ஆமாம் தாயி, விடிந்தால் போதும், ஒரே பனிதான், வாசலில் இறங்க முடியவில்லை" என்றார்.

மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். சீட்டில் அவ்வாறே எழுதப்பட்டது; காய்ச்சல் மாத்திரையும் கிடைத்தது. மூன்றாம் நாள் மீண்டும் போனபோது, "மருந்து கழிச்சோ?" என்று கேட்டார்கள். 'சாப்பிட்டீர்களா' என்பது அதன் பொருள். பெரியம்மாவோ, "கழிப்பேனா தாயி? ஒன்றைக்கூடக் கழிக்கவில்லை" என்று பெருமையோடு விடை சொன்னார். மருந்து உண்ணாத கிழவி என்ற பெயரோடு திரும்பினார். அன்றிரவே மூச்சுத்திணறல் மிகுந்து, மலையிறங்கி அடிவாரத்து மருத்துவமனையில் சேர்த்தோம். இருதயம் தளர்ந்திருக்கிறது என்று அங்கே கண்டார்கள். நல்லவேளையாகப் பிழைத்தார்.

சீட்டெழுதிய பெண்மணி மீது குற்றமில்லை. அவர் அன்போடுதான் கேட்டார். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் இரண்டு முறையும் வாசலில் நின்று ஜீப்புக்காரரிடம் கூலி பேசிக்கொண்டிருந்தோம் என்பதே எமக்கு இன்றும் உறுத்துகிறது.

அன்று முதல், வைத்திய வசதி என்ற சொல்லை நாம் வேறு விதமாகப் புரிந்துகொண்டோம். கட்டடம், மருத்துவர், மருந்து, சாலை ஆகிய நான்கும் வேண்டும்; ஐந்தாவதாக, நோயாளியின் பேச்சை அறிந்த ஒருவரும் அங்கே இருக்கவேண்டும்.

இனி அந்நிலப்பகுதியைப் பார்ப்போம். 1956 நவம்பர் முதல் தேதி மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தேவிகுளம், பீருமேடு, உடும்பஞ்சோலைத் தாலுகாக்களும் பாலக்காட்டுச் சிற்றூர்த் தாலுகாவும் கேரளத்தில் அமைந்தன. அங்கெல்லாம் தமிழ் பேசுவோர் கணிசமாக உள்ளனர். அதற்கு முன் சென்னை ராஜ்யத்து மலபார் ஜில்லாவில் இருந்த அட்டப்பாடியும் கேரளத்துடன் சேர்ந்தது. மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். எல்லைக்கோடுதான் வந்து சேர்ந்தது.

அட்டப்பாடி, பவானியாறும் சிறுவாணியும் பாயும் மலைப்பள்ளத்தாக்கு. ஒருபுறம் கோயம்புத்தூர், ஒருபுறம் நீலகிரி, ஒருபுறம் மண்ணார்க்காட்டுக் கணவாய். அகளி, புதூர், சோலையூர் என்ற மூன்று பஞ்சாயத்துகளில், இருநூறுக்குச் சற்றுக் குறைந்த ஊர்களில், இருளர், முடுகர், குறும்பர் என்ற பழங்குடியினர் வாழ்கின்றனர். இருளர் மொழி தமிழுக்கு மிக நெருங்கியது. 2022-இல் அறிவிக்கப்பட்ட தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த பின்னணிப் பாடகியாகத் தேர்வான நஞ்சியம்மா இந்த மண்ணைச் சேர்ந்தவர். அவரை நாடறியச் செய்த பாட்டும் அம்மொழியிலானதே.

1951-இல் அட்டப்பாடியில் பத்தில் ஒன்பது பேர் பழங்குடியினர். இன்று அவர்கள் பாதிக்கும் குறைவு. வெளியிலிருந்து குடியேறியோர் பெருகினர், நிலம் கைமாறியது, காடு அழிந்தது. கேழ்வரகும் சாமையும் துவரையும் விளைந்த காட்டுப் புனங்கள் குறைந்தன. உணவு கடையரிசியாகச் சுருங்கிற்று. அதன் விளைவு 2013-ஆம் ஆண்டில் நாட்டின் கண்முன் வந்தது. பச்சிளங் குழந்தைகள் அடுத்தடுத்து மாண்டன. எடை குறைந்து பிறந்த குழந்தைகள்; இரத்தசோகையால் வெளிறிய தாய்மார்கள். கல்வியிலும் சுகாதாரத்திலும் முதலிடம் பெற்ற மாநிலத்திலேயே இப்படியா என்று எல்லோரும் திகைத்தனர்.

அதன்பின் பல நிலையங்கள் அங்கே முனைந்து உழைக்கலாயின. கோட்டத்தறையிலுள்ள அரசாங்கப் பழங்குடியினர் சிறப்பு மருத்துவமனை அவற்றுள் முதன்மையானது. அகளியில் சுவாமி விவேகானந்தா மெடிக்கல் மிஷன் என்ற தொண்டு நிலையத்தின் மருத்துவமனையும் பணி புரிகிறது. கருவுற்ற பழங்குடிப் பெண்களுக்குக் குழந்தைக்கு ஒரு வயது நிறையும்வரை மாதந்தோறும் உதவித்தொகை வழங்கும் 'ஜனனி ஜன்மரக்ஷா' திட்டத்தையும் மாநில அரசு நடத்திவருகிறது.

எனினும் எம் மனத்தைக் கவர்ந்தது குடும்பஸ்ரீ என்ற மகளிர் இயக்கம் செய்த பணி. தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கீழ் அட்டப்பாடிக்கென்றே வகுத்த தனித் திட்டத்தில், ஊர்தோறும் சமூகச் சமையலறைகளை அது நடத்தியது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் குழந்தைகளும் முதியோரும் அங்கே உண்டார்கள். ஆக்கியவர்கள் அவ்வூர்ப் பெண்கள். வீடு வீடாகச் சென்று எடுத்துரைத்தவர்களும் அவர்களே. புனத்தில் மீண்டும் சிறுதானியம் விதைக்கவும் ஏற்பாடாயிற்று. 'இரும்புச்சத்து மாத்திரை உண்ணுங்கள்' என்று வெளியூர் அதிகாரி பத்து முறை சொல்வதும், அடுத்த குடிசைத் தமக்கை தன் பேச்சில் ஒருமுறை சொல்வதும் ஒன்றாகிவிடுமா?

அட்டப்பாடியில் மற்றொரு நோயும் உண்டு. இரத்தத்தின் சிவப்பணுக்கள் அரிவாள் போல் வளைந்து, நுண்குழாய்களை அடைத்து, மூட்டிலும் எலும்பிலும் பொறுக்கவொண்ணா வலியை உண்டாக்கும் அரிவாளணுச் சோகை அது. பெற்றோர் வழியாக வருவது. இந்தியாவில் இக்கூறு இருப்பதை 1952-இல் முதன்முதல் அறிஞர்கள் கண்டறிந்தது, அண்டையிலுள்ள நீலகிரிப் பழங்குடியினரிடத்திலேதான். இந்நோயை 2047-க்குள் ஒழிக்கவேண்டும் என்ற குறிக்கோளுடன் மத்திய அரசு 2023 ஜூலை முதல் தேதி ஒரு தேசிய இயக்கத்தைத் தொடங்கியது. சோதனை செய்வது எளிது. ஆனால், "உன் இரத்தத்தில் இக்கூறு உள்ளது, நீ நோயாளியல்ல, அதே கூறு உள்ளவரை மணந்தால் பிள்ளைகளுக்கு நோய் வரலாம்" என்பதை ஒரு பெண்ணின் மனம் புண்படாமல் சொல்லவேண்டுமே! அதற்கு அவள் தாய்மொழியறிந்த நாவு வேண்டும்.

இனி இடுக்கி மலைக்கு வருவோம். கண்ணன் தேவன் மலைகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தேயிலை பயிராகத் தொடங்கியது முதல், திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து தமிழர் மலையேறினர். அவர்களின் பேரன் பேத்திகள் இன்று கொழுந்து பறிக்கின்றனர். 1951-இன் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளிக்கும் குடும்பத்திற்கும் வைத்திய வசதி அளிப்பதைத் தோட்ட உரிமையாளரின் கடமையாக்கிற்று. எனவே தோட்டங்களில் மருந்தகங்களும் மூணாற்றில் கம்பெனியின் பெரிய மருத்துவமனையும் ஏற்பட்டன. தொழிலாளர்களின் மாற்றுத்திறனுடைய பிள்ளைகளுக்குப் பயிற்சியும் தொழிலும் தரும் சிருஷ்டி என்ற அறநிலையமும் அங்குள்ளது. அப்பிள்ளைகள் இயற்கைச் சாயம் தோய்த்த துணிகள் வெளிநாடுகளுக்கும் செல்கின்றன.

ஏலத்தோட்டங்களின் நிலை வேறு. போடி, கம்பம் பகுதிகளிலிருந்து விடியற்காலையில் ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறி, மாலையில் இறங்கும் பெண்கள் பலர். வேலை ஒரு மாநிலத்தில், வீடு மற்றொரு மாநிலத்தில். தோட்டத்தில் வழுக்கி விழுந்தால் எந்த மாநிலத்து மருத்துவமனைக்குப் போவது என்பதே முதற் கேள்வி. வெளி மாநிலத் தொழிலாளருக்கென்று கேரள அரசு 2017-இல் 'ஆவாஸ்' என்ற காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது பாராட்டத்தக்கது. ஆனால் நாள்தோறும் வந்து போகிறவர் இத்தகைய திட்டங்களில் எளிதில் விடுபட்டுப் போகின்றனர்.

மூணாற்றுக்கு அப்பால், காட்டின் நடுவே இடமலைக்குடி உள்ளது. 2010-இல் அமைந்த இது கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்து. அங்கு வாழும் முதுவர் பேசுவது தமிழோடு ஒட்டிய மொழி. மதுரையிலிருந்து வந்தோம் என்பது அவர்கள் வழிவழியாகக் கூறும் வரலாறு. நோயாளியை மூங்கிலில் கட்டிய மஞ்சலில் தூக்கி மைல் கணக்கில் நடப்பது அங்கே நெடுநாள் வழக்கம். கொரோனா நோய் உலகையே உலுக்கியபோது, வெளியார் வராமல் தம் எல்லையைத் தாமே காத்து, 2021 ஜூலை வரை அந்நோய் அண்டாமல் வாழ்ந்தனர் அம்மக்கள். தமக்குப் புரிந்த செய்தியை எவ்வளவு கட்டுப்பாட்டுடன் நிறைவேற்றுவார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? குறைகளை நாட்டில் வழங்கும் எம்மொழியிலும் எழுதி முறையிடலாம் என்கிறது அரசியலமைப்பின் 350-ஆவது விதி. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசாங்கத்துடன் தம் மொழியிலேயே கடிதப் போக்குவரத்து நடத்தவும் விடை பெறவும் 1969-இல் கேரளம் இயற்றிய ஆட்சிமொழிச் சட்டம் உரிமை அளித்தது. இவை பெரிய உரிமைகள். ஆயினும் எழுத்துக்கே உதவுவன. மூச்சு வாங்கும் கிழவி மனு எழுதமாட்டாள். வாய் திறந்து பேசத்தான் செய்வாள்.

இதற்குக் கோடிக்கணக்கில் செலவு தேவையில்லை. எல்லைப்புற மருத்துவமனைகளில் சீட்டெழுதும் இடத்தில் தமிழறிந்த ஒருவர் இருக்கலாம். மருந்துறையில் சூரியனும் சந்திரனும் வரைந்து, உணவுக்கு முன், உணவுக்குப் பின் என்று தமிழிலும் எழுதலாம். பழங்குடி ஊர்களில் பணிபுரியும் ஆஷா ஊழியரை மருத்துவர் அருகிலேயே அமர்த்தலாம். ஆஸ்திரேலியாவில் 1973 முதல் தொலைபேசி வழியாக மொழிபெயர்த்துதவும் அரசாங்கப் பணி நடைபெறுகிறது. கைதோறும் தொலைபேசி உள்ள நம் நாட்டில் அது இயலாத காரியமன்று.

நேயர்களே, இதில் உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. மும்பையிலோ ஆமதாபாத்திலோ உங்கள் தெருவுக்குப் புதிதாக வந்த தமிழ்க் கூலித் தொழிலாளியோ, மகன் வீட்டிற்கு வந்திருக்கும் ஊர்ப் பாட்டியோ மருத்துவமனைக்குப் போகும்போது, ஒரு மணி நேரம் உடன் செல்லுங்கள். உங்கள் தமிழ்ச் சங்கம் ஆண்டுவிழாவோடு, இதற்கென நாலு பேரை ஏற்படுத்தி வைக்கட்டும். கூலி பேச வாசலில் நின்றுவிடாமல், உள்ளே சென்று நோயாளியின் பக்கத்தில் உட்காருங்கள். நாம் செய்யத் தவறியது அதுதான்.