கீழ்ச்செட்டு ஏன் ஆடுது?

கல்லாறு தாண்டியதும் நம்ம மேட்டுப்பாளையம் மலை ரயிலைப் பார்த்திருப்பீங்க. தண்டவாளத்துக்கு நடுவில் இருக்கும் பல்சட்டத்தைச் சக்கரப் பல் கவ்விக்கொள்ளும். அந்தப் பிடியில்தான் வண்டி வழுக்காமல் ஏறுது.

கழற்றி மாட்டும் பல்செட்டுக்கு அந்தப் பிடி இல்லீங்க. மேல்செட்டு அண்ணத்தில் ஒட்டி நிற்கும். கீழ்ச்செட்டை நாக்கு தள்ளும். வருஷா வருஷம் தாடை எலும்பு தேயத் தேய இன்னும் ஆடும். எங்க அப்பத்தா நிலக்கடலையை இடித்துத்தான் வாயில் போடுவாங்க, பாவம்.

அந்தப் பிடியைத் தருவது எலும்பில் பதிக்கும் டைட்டானியத் திருகுங்க. டைட்டானியத்தை எலும்பு இறுகப் பற்றுவதை 1952இல் கண்டவர் ஸ்வீடன் மருத்துவர் ப்ரோனெமார்க். 1965இல் அந்தத் திருகை மனிதருக்கே பொருத்தினார். கீழ்த்தாடையில் இரண்டு திருகு பதித்தாலே செட்டு ‘டக்’கென்று உட்காரும், கழற்றியும் கழுவலாம். செலவு கூடத்தான். எலும்பு சேரச் சில மாதம் பிடிக்கும். சர்க்கரை இருந்தால் முதலில் அதைக் கட்டுக்குள் கொண்டுவாங்க; பீடி, சிகரெட்டை விட்டுடுங்க.