டிரஸ்ட் காரும் பெட்ரோல் கணக்கும்
(மாதாந்திரக் கூட்டத்தில் டிரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரை)

 

டயாலிசிஸ் நோயாளிகளை அழைத்துச் செல்ல நம் டிரஸ்ட் வாங்கிய பழைய மாருதி 800 காரை நீங்கள் அறிவீர்கள். விலை குறைவு என்றுதான் வாங்கினோம். ஆனால் பெட்ரோல் செலவு கையைக் கடித்தது. மாதக் கடைசியில், "இந்த வாரம் ஆட்டோவில் போய்க்கொள்ளுங்கள்" என்று ஒரு நோயாளியிடம் சொல்ல வேண்டிய நிலையும் வந்தது.

ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பெட்ரோல் குழாயில் காந்தம் மாட்டச் சொன்னார் ஒருவர். அதனால் மைலேஜ் கூடாது. வீட்டு கேஸ் சிலிண்டரை டிக்கியில் வைத்து ஓட்டினால் செலவு பாதியாகும் என்றார் இன்னொருவர். மறைக்காமல் சொல்கிறோம், அந்த யோசனையில் எங்கள் மனமும் சற்றுத் தடுமாறியது.

வீட்டு சிலிண்டரில் வண்டி ஓட்டுவது சட்டப்படி குற்றம். வண்டிக்கென்று செய்த எல்.பி.ஜி. டேங்கில், 80 சதவீதத்துக்கு மேல் நிரம்பாமல் தடுக்கும் வால்வு உண்டு. வீட்டு சிலிண்டரில் அது கிடையாது. அங்கீகரித்த கிட்டைப் பொருத்தினாலும் ஆர்.சி.யில் பதிய வேண்டும். இதெல்லாம் ஒருபுறம் இருக்கட்டும். தானாக எழுந்து இறங்க முடியாதவர் பின்சீட்டில் இருக்கும்போது தீப்பிடித்தால் அல்லாஹ்விடம் என்ன பதில் சொல்வோம்? உங்கள் பணம் மட்டுமல்ல, அந்த உயிரும் எங்களிடம் அமானிதம். அந்தப் பேச்சை அத்தோடு விட்டோம்.

பிறகு அனுபவமுள்ள ஒரு மெக்கானிக்கிடம் காட்டினோம். ஜாக்கி வைத்து, சக்கரங்களைக் கையால் சுற்றிப் பார்த்தார். முன்சக்கரம் ஒன்றில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. எஞ்சின் சூடாகக் கூடாதென்று யாரோ தெர்மோஸ்டாட் வால்வையே கழற்றி எறிந்திருந்தார்கள். அது இல்லாவிட்டால் எஞ்சின் உரிய சூட்டுக்கு வரத் தாமதமாகும். அதுவரை பெட்ரோல் கூடுதலாகப் போகும். பிரேக்கைச் சரிசெய்து, புது வால்வும் பிளக்குகளும் போட்டார். சும்மா கிடந்த மேல் கேரியரையும் கழற்றினோம். அது காற்றைத் தடுத்து வண்டியை இழுக்கும்.

மீதி டிரைவரின் கையில் இருக்கிறது. 15 நாளுக்கு ஒருமுறை, டயர் சூடாவதற்கு முன் காற்று பார்க்கிறார். ஆஸ்பத்திரி வாசலில் காத்திருக்கும்போது எஞ்சினை அணைக்கிறார். பாலத்து இறக்கத்தில் நியூட்ரலில் விடுவதில்லை. இன்ஜெக்‌ஷன் வண்டியில் கியரிலேயே வைத்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோல் தானாக நிற்கும். வண்டியும் கட்டுப்பாட்டில் இருக்கும்.

கணக்கு பார்ப்பதும் எளிது. டேங்கை நிரப்பி கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுமுறை நிரப்பும்போது, ஓடிய தூரத்தை அப்போது பிடித்த லிட்டரால் வகுத்தால் மைலேஜ். முன்பு 12 கிலோமீட்டர் கொடுத்த வண்டி இப்போது 16 கொடுக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். முன்பு மூன்று முறை ஆஸ்பத்திரி போய்வந்த பெட்ரோலில் இப்போது நான்கு முறை போய்வருகிறோம். ஆட்டோவில் போகச் சொன்னவரை மீண்டும் நம் வண்டியிலேயே அழைத்துச் செல்கிறோம்.

பழைய கார் வைத்திருக்கும் குடும்பங்களும் இதைச் செய்து பாருங்கள். பெட்ரோல் நோட்டு அலுவலக மேசையில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.