மூலையில் துணி போர்த்தியிருக்கும் கணினி

(குறுவள மையக் கூட்டத்தில் நடுநிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



"உங்க பள்ளிக் கம்ப்யூட்டரை நீங்களே சரி பண்ணினீங்களாமே, அதைப் பேசுங்க சார்" என்று நம் ஆசிரியர் பயிற்றுநர் கேட்டுக்கொண்டார். நான் கணினி ஆசிரியன் இல்லை. பி.எட். முடித்த அறிவியல் ஆசிரியன். ஆகவே செய்ததோடு சேர்த்து, தப்பாகச் செய்ததையும் சொல்கிறேன்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்ததை நம் மாவட்டத்தில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. ஆலங்குடி, கீரமங்கலம், கறம்பக்குடிப் பக்கமெல்லாம் தென்னை சாய்ந்து, மின்கம்பங்கள் முறிந்து, பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. எங்கள் ஊரும் அப்படித்தான். கரண்ட் வந்தபின் பள்ளியின் ஒரே கணினியைப் போட்டோம். பொத்தானை அழுத்தினால் உள்ளே காற்றாடி ஒரு சுற்றுச் சுற்றி நின்றுவிட்டது. திரையில் ஒன்றுமில்லை. காரணம் ஈரமா, மின்னழுத்த ஏற்ற இறக்கமா, அதன் வயதா என்று என்னால் சொல்ல முடியாது.

கணினியின் பின்னால் கரண்ட் ஒயர் செருகும் இடத்தில் ஒரு தகரப்பெட்டி இருக்கிறதல்லவா, அதுதான் எஸ்.எம்.பி.எஸ். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்சாரமாக்கிக் கொடுக்கும். அதைத் தனியாகச் சோதிக்க ஒரு வழி உண்டு. ஒயரைப் பிடுங்கிவிட்டு, மதர்போர்டிலிருந்து 24 ஊசி இணைப்பைக் கழற்ற வேண்டும். அதில் ஒரே ஒரு பச்சை ஒயர் இருக்கும். அதையும் ஏதாவதொரு கருப்பு ஒயரையும் காகிதம் கோக்கும் கிளிப்பை வளைத்து இணைத்துவிட்டு, பிறகுதான் கரண்ட் கொடுக்க வேண்டும். நான் அப்படியே செய்தேன். எஸ்.எம்.பி.எஸ். காற்றாடி ஜோராகச் சுற்றியது. "இது நல்லா இருக்கு, போனது மதர்போர்டுதான்" என்று தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டேன். அவ்வளவு பழைய மாடலுக்கு மதர்போர்டு எங்கே கிடைக்கும்? துணி போர்த்தி மூலையில் வைத்தோம்.

ஏழு மாதம் அப்படியே கிடந்தது. எட்டாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை, "என் பேரைத் தமிழ்ல டைப் பண்ணணும் சார்" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். சரியானதும் பார்க்கலாம் என்றேன். ஏப்ரலில் தேர்ச்சி பெற்றுப் போய்விட்டாள்.

2019 ஜூலையில் வேறு வேலையாகப் புதுக்கோட்டை டவுனுக்குப் போனபோது ஒரு சர்வீஸ் கடைத் தம்பியிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். "காத்தாடி சுத்துனாப் போதுமா சார்? வோல்ட் வச்சுப் பாத்தீங்களா?" என்றார்.

பார்க்கவில்லை. மின்னோட்டப் பாடம் நடத்துகிறவன், ஆய்வகத்தில் மல்டிமீட்டர் இருந்தும் பார்க்கவில்லை!

மறுநாள் பழைய ஹார்டு டிஸ்க் ஒன்றைச் சுமைக்காக மாட்டி, நேர்மின்சாரம் 20 வோல்ட் அளவில் வைத்துப் பார்த்தேன். மஞ்சள் ஒயரில் 12 வர வேண்டும், 11.4-க்குக் குறையக்கூடாது. வந்தது 10.1. சிவப்பில் 5 வர வேண்டும், 4.75-க்குக் குறையக்கூடாது. வந்தது 4.4. காற்றாடிக்கு அது போதும், மதர்போர்டுக்குப் போதாது. எல்லா வோல்ட்டும் சரியாக இருந்தால்தான் சாம்பல் நிற ஒயர் வழியாக ஒரு சைகை போகும். அது வராமல் பிராசஸர் வேலையைத் தொடங்காது. மணி அடிக்காமல் முதல் பாடவேளை தொடங்காத மாதிரி.

புதியது அப்போது எழுநூறு ரூபாய். வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். சில கம்பெனிக் கணினிகளில் பெட்டியின் அளவும் இணைப்பும் வேறு, கடையில் கிடைக்கும் சாதாரண வகை பொருந்தாது. பெட்டியில் 450 வாட் என்று பெரிதாகப் போட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். நம் பழைய கணினிகளுக்கு அவ்வளவு தேவையும் இல்லை.

மாட்டுவது எளிது. பின்புறம் நான்கு திருகு. கழற்றும் முன் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிராசஸர் அருகே தனியாக நான்கு ஊசி இணைப்பு ஒன்று உண்டு. எல்லோரும் மறப்பது அதைத்தான், நானும் மறந்தேன். காற்றாடி சுற்றியும் திரையில் ஒன்றும் வராமல் மறுபடி வயிற்றைக் கலக்கியது. அதைச் செருகியதும் திரை வந்தது. ஆனால் இணையப் பக்கங்கள் திறக்கவில்லை. பார்த்தால் கணினியின் தேதி பல வருடம் பின்னால் நின்றது. மதர்போர்டில் உள்ள சி.ஆர்.2032 பட்டன் பேட்டரியும் தீர்ந்திருந்தது. அதையும் மாற்றித் தேதியைச் சரிசெய்தோம்.

இரண்டு எச்சரிக்கை. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். உள்ளே மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் நேர்மின்சாரம் இருக்கும், ஒயரைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் தங்கும். பிள்ளைகள் தள்ளி நின்று பார்க்கட்டும், தொட வேண்டாம். அடுத்து, கணினியின் தகரத்தைத் தொட்டால் விறுவிறுவென்று இருக்கிறதா? பெரும்பாலும் பிளக் பாயிண்டில் எர்த் இல்லை என்று பொருள். கணினியை விட்டுவிட்டு முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

இனி, நம்மையெல்லாம் உண்மையில் தடுப்பது கரண்ட் இல்லை, இருப்புப் பதிவேடு. (சிரிக்கிறீர்கள், தெரிந்துதான் சொல்கிறேன்.) தலைமையாசிரியரிடம் எழுத்தில் அனுமதி பெற்றேன். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் சொல்லித் தீர்மானத்தில் ஏற்றினோம். ரசீதை ஒட்டினோம். பழைய பெட்டியைத் தூக்கிப் போடாமல் சீட்டு ஒட்டி அலமாரியில் வைத்தோம். உத்தரவாதத்திலோ பராமரிப்பு ஒப்பந்தத்திலோ உள்ள கணினி என்றால் நாம் கை வைக்கக் கூடாது, புகார் எண் வாங்கினால் போதும்.

அந்தப் பழைய பெட்டியைத் தலைமையாசிரியர் அனுமதியோடு கொண்டுவந்திருக்கிறேன். இதோ மேசையில் இருக்கிறது. மல்டிமீட்டரும் கிளிப்பும் பக்கத்தில் உள்ளன. தேநீர் இடைவேளையில் வாருங்கள், ஒவ்வொருவராக மஞ்சள் ஒயரில் அளந்து பார்க்கலாம். மீட்டர் ஒன்றுதான் இருக்கிறது, கொஞ்சம் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.