கதைத் தலைவியருள் யார்?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, செங்கலடியிலிருந்து பதுளை நோக்கிச் செல்லும் வீதியில் அமைந்த வேளாண்மைக் கிராமம் கரடியனாறு. சூடடிப்பு முடிந்து ஓய்ந்த ஒரு மாலையில், அங்கே பெண்ணொருத்தி நாவலொன்றைப் படித்து மூடிவைக்கின்றாள் எனக் கொள்க. “கதைத் தலைவியருள் நான் யாரைப் போன்றவள்?” என்னும் வினா அவள் உள்ளத்தில் எழுகின்றது. வினா விளையாட்டாகத் தோன்றலாம். விடை அத்துணை எளிதன்று.

முதலில் நினைவுக்கு வருபவள் குந்தவை. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் தொடராக வெளிவந்த ‘பொன்னியின் செல்வன்’ நாவலைப் படித்தோருள், அவள் மதிநுட்பத்தை வியவாதார் யார்? ஆயினும் வியத்தல் வேறு, ஒத்திருத்தல் வேறு. தன்னிடம் இல்லாத குணத்தையே மனம் பெரிதும் வியக்கும். ஆகவே, “எவளைப் பிடிக்கும்?” என்று கேட்பதிலும், “இடுக்கண் வந்த நாளில் நான் என்ன செய்தேன்?” என்று கேட்பதே தக்கது.

1879ஆம் ஆண்டில் அச்சேறிய வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ காட்டும் ஞானாம்பாள், காணாமற்போன கணவனைத் தேடி ஆண்வேடம் பூண்டு புறப்படுகின்றாள். ஒரு நாட்டின் ஆட்சியையே ஏற்று நடத்துகின்றாள். ராஜமையர் படைத்த கமலாம்பாளோ, ஊர்வம்புக்கும் கணவனின் ஐயத்துக்கும் இடையே அன்பு குன்றாது பொறுத்திருக்கின்றாள். கல்கியின் பூங்குழலி, கோடிக்கரைக் கடலில் தனித்துப் படகு செலுத்துகின்றாள். அலையில் தத்தளிப்போரைக் கரைசேர்க்கின்றாள்.

போரில் கணவரை இழந்து, 2009இல் போர் முடிவுற்ற பின்னரும் குடும்பச் சுமையைத் தனித்துத் தாங்கிய பெண்கள் கிழக்கிலங்கையில் பலர். அவர்களுள் ஒருத்தியே இந்த வாசகி எனின், அவள் வாழ்வை நோக்குக. வீடு மகளுக்கே சீதனமாகும் மட்டக்களப்பு மரபில், அவ்வீட்டைக் காக்கும் பொறுப்பு அவளுடையது. வயலுக்குக் கடன் கேட்டு அலுவலகப் படியேறும்போது அவள் ஞானாம்பாள். ஊரார் பழிச்சொல்லைப் பொறுக்கும்போது கமலாம்பாள். மாரி வெள்ளத்தில் பிள்ளைகளை மேட்டுநிலம் சேர்க்கும்போது பூங்குழலி.

ஆனால் அவளையே கேட்டால், “தொட்டதற்கெல்லாம் மயங்கி விழும் வானதிதான் நான்” என்பாள். தன் அச்சத்தை அவள் அறிவாள். அந்த அச்சத்தோடே ஆற்றிய செயல்களை எண்ணிப் பார்த்ததில்லை. கதைத் தொடக்கத்தில் மயங்கி விழும் வானதி, கதை வளர வளர உறுதி பெறுவதையும் அவள் கருதவில்லை.

நேயர்களும் இவ்வினாவைத் தமக்குள் எழுப்பிப் பார்க்கலாம். விடை கூறுமுன், தாம் கடந்து வந்த நாட்களை ஒருமுறை நினைந்து பார்ப்பது நலம்.