இனிப்பு நீரும் பாட்டாளியின் காலும்

(மலாக்கா மாநிலத் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் தோட்டக் கிராணியும் சங்கத் தொண்டருமான ஒருவர் ஆற்றிய உரை)



சங்கக் கூட்டம் என்றால் சம்பளம், போனஸ், வீட்டு வசதி என்று பேசுவது வழக்கம். இன்று என்னை இனிப்பு நீர் வியாதியைப் பற்றிப் பேசும்படி பணித்திருக்கிறார்கள். இது டாக்டர் பேச வேண்டிய விஷயமல்லவா, கிராணிக்கு இங்கே என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். காலை இழந்து வீட்டில் முடங்கிக் கிடக்கும் தொழிலாளிக்குச் சம்பள உயர்வு வாங்கிக் கொடுத்து என்ன பயன்? ஆகவே இதுவும் சங்கத்தின் வேலைதான்.

முதலில் கணக்கைப் பாருங்கள். 2019-ஆம் ஆண்டில் சுகாதார அமைச்சு நாடு முழுவதும் எடுத்த ஆய்வில், வயது வந்தவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு இந்நோய் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு 31 பேர்! நோய் கண்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் தமக்கு நோய் இருப்பதே தெரியவில்லை. ஜாசினிலும் அலோர் காஜாவிலும் மெர்லிமாவிலும் நம் வீடுகளை வரிசையாக எண்ணிப் பாருங்கள். இந்நோய் தொடாத குடும்பம் எத்தனை?

இது தீராத நோய். ஆனால் அடக்கி வைக்கக்கூடிய நோய். 1921-இல் கனடா நாட்டின் டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்ற இருவர் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். மறு ஆண்டே அது மனித உயிரைக் காத்தது. தமிழகத்தில் டாக்டர் எம். விசுவநாதன் 1948-இல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார். 1954-இல் இராயபுரத்தில் தனி மருத்துவமனையே கண்டார். நமது தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்ததும் அதே 1954-இல்தான். மருத்துவம் இவ்வளவு வளர்ந்த பின்னும் நம்மவர் கால் போகிறது, கண் போகிறது என்றால், அதன் காரணத்தை நாம் ஆராய வேண்டும்.

இரத்தத்தில் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் மிகுந்து நின்றால் இரத்தக் குழாய்கள் கெடுகின்றன. கண்ணில் கெட்டால் பார்வை போகும். சிறுநீரகத்தில் கெட்டால் இரத்தம் கழுவும் இயந்திரத்தை நாட வேண்டி வரும். இந்நாட்டில் புதிதாக அந்த இயந்திரத்தை நாடுவோரில் பாதிக்கு மேற்பட்டோர் இனிப்பு நீர்க்காரர்களே. மாரடைப்பும் பக்கவாதமும் இதன் உடன்பிறப்புகள். ஆரம்பத்தில் இவை எதுவும் வலிப்பதில்லை. “எனக்கு ஒன்றும் செய்யவில்லையே” என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளே கேடு நடந்துகொண்டிருக்கும்.

இனி, பால் வெட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இரண்டு விஷயங்களைச் சொல்லுகிறேன்.

முதலாவது கால். நரம்பு கெட்டால் பாதம் மரத்துப் போகும். பூட்ஸுக்குள் சிறு கல் கிடந்தாலும் நிரை முழுவதும் அதன்மேல் நடந்து முடிப்போம், வலி தெரியாது. புண்ணாகிச் சீழ் பிடித்த பிறகே தெரியும். இரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் புண் ஆறுவது கடினம். எனவே பூட்ஸை மாட்டுமுன் கவிழ்த்துத் தட்டுங்கள். ஈரக் காலுறையோடு நாளெல்லாம் நிற்காதீர்கள். தினமும் மாலையில் கால் கழுவி, விரல் இடுக்கைத் துடைத்து, உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். புண் கண்டால் காப்பித்தூளும் பச்சிலையும் அப்பாமல் அன்றே கிளினிக்குக்குப் போங்கள். மாசி மகத்துக்குச் சேங் சன்னாசிமலை ஆண்டவர் கோவிலுக்கு வெறுங்காலில் நடப்பவர்கள் நம்மில் பலர் உண்டு. கால் மரத்தவர்கள் சுடும் தார்ச்சாலையில் அப்படி நடக்கலாகாது. ஆண்டவன் காலைக் கேட்கவில்லை, தோழர்களே!

இரண்டாவது, சர்க்கரை இறங்கிப் போவது. இருட்டோடு எழுந்து, மாத்திரையை விழுங்கி, வெறும் வயிற்றோடு பெரட்டுக்கு ஓடுகிறோம். கிளிக்லசைடு போன்ற மாத்திரை சாப்பிடுவோருக்கும் இன்சுலின் போடுவோருக்கும் இது மிகுந்த ஆபத்து. கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், பேச்சுக் குழறும். சோதித்தால் 4 மில்லிமோலுக்குக் கீழே இருக்கும். தன்னந்தனியாக நிரையில் விழுந்தால் யார் பார்ப்பார்? ஆகவே சாப்பிடாமல் அந்த மாத்திரையைப் போடாதீர்கள். வேலை நேரத்தைச் சொல்லி, மருந்து வேளையை மாற்றித் தரும்படி டாக்டரிடம் கேளுங்கள். சட்டைப் பையில் எப்போதும் சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும். மயக்கம் வருவதுபோல் இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் மீண்டும் குடியுங்கள், தெளிந்ததும் சாப்பிடுங்கள். நினைவிழந்தவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும். பக்கத்து நிரைக்காரருக்கும் மண்டோருக்கும் உங்கள் நோய் தெரிந்திருக்கட்டும். மறைப்பதில் பெருமை இல்லை.

உணவில், தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பாகம் சோறு, கால் பாகம் மீனோ முட்டையோ பருப்போ என்பது சுகாதார அமைச்சு சொல்லும் அளவு. டின் பால் ஊற்றிய தேநீரைக் குறையுங்கள். பாகற்காய் நல்ல கறிதான்; மருந்துக்குப் பதிலாகாது. “மாத்திரை தின்றுதான் கிட்னி கெட்டது” என்று பலர் சொல்லுகிறார்கள். இந்நோயில் சிறுநீரகத்தைப் பெரும்பாலும் கெடுப்பது அடங்காத சர்க்கரையும் இரத்தக் கொதிப்புமே. அந்தப் பேச்சை நம்பி மாத்திரையை நிறுத்துகிறவர்தான் இயந்திரத்தை நோக்கி விரைகிறார்.

ஆண்டுக்கு ஒரு முறை கண்ணைப் படமெடுத்துப் பார்க்கவும், சிறுநீரில் புரதம் சோதிக்கவும், பாதத்தைப் பரிசோதிக்கவும் கேளுங்கள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமகனுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி.

“ஒரு வெள்ளிதான், ஆனால் ஒரு நாள் சம்பளம் போகிறதே!” என்பீர்கள். உண்மை. செக்ரோல் எழுதுகிற எனக்கு அது நன்றாகத் தெரியும். இங்கேதான் சங்கம் வருகிறது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு 14 நாள், ஐந்து ஆண்டுக்குக் குறைந்ததற்கு 18 நாள், அதற்கு மேல் 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. ஆஸ்பத்திரியில் தங்க நேர்ந்தால் 60 நாள். டாக்டர் சீட்டு வேண்டும். 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும். இந்த விதியை அறியாமல் உரிமையை இழந்துவிடாதீர்கள். ஆனால் மூன்று மாதத்துக்கொரு முறை இரத்தம் சோதிக்கப் போகிறவருக்கு நோய் விடுப்புச் சீட்டுக் கிடைக்காமல், வந்துபோன நேரத்தைக் காட்டும் சீட்டு மட்டும் கிடைத்தால், அந்த நாள் என்னாவது? கிளினிக் நாளுக்குச் சம்பளம், பெரட்டுக்குப் பின் பசியாறச் சிறிது நேரம், நல்ல பூட்ஸ் இந்த மூன்றையும் கிளைதோறும் தீர்மானமாக்கி நிர்வாகத்தின் முன் வைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

சங்கம் கேட்பதைக் கேட்கும். ஆனால் கால் கழுவிப் பார்ப்பதைச் சங்கம் செய்ய முடியாது. அதை நீங்கள்தான் செய்ய வேண்டும். இரத்தம் சோதித்து ஓராண்டு கடந்தவர்கள் இந்த வாரமே போங்கள். போகும்போது அண்டை வீட்டாரையும் அழைத்துச் செல்லுங்கள்.